புல் தோட்டத்துக்குள் வந்த கதை

சிரமதானம் என்று அறிவித்தால் நாம் முதலில் தேடுவது புல் வெட்டும் மெஷினைத்தான். பாடசாலையோ, பள்ளிவாசல் வளவோ, மையவாடியோ, புல் இல்லாவிட்டால்தான் துப்புரவு என்பது எமது கணக்கு. கையில் கொஞ்சம் காசு சேர்ந்தால் கொங்கிரீட், இல்லையென்றால் இன்டர்லொக் கல்.

ஆனால் புல்லையே பூச்செடி போல நட்டுத் தோட்டம் அமைக்கும் ஒரு கலை இருக்கிறது. சமமாக வெட்டிவிடும் புற்றரையை நாம் சொல்லவில்லை. கொத்தாக ஆளுயரம் வளர்ந்து, கதிர்விட்டுக் காற்றில் ஆடும் புற்களைச் சொல்கிறோம்.

இந்தக் கலையின் வரலாற்றில் முக்கியமான பெயர் கார்ல் ஃபோர்ஸ்டர். 1874இல் பேர்லினில் பிறந்தவர். 1910இல் பொட்ஸ்டாம் நகருக்கு அருகே போர்னிம் என்ற இடத்தில் நாற்றுமேடை அமைத்தார். அதிக பராமரிப்புக் கேட்காமல், கடும் குளிரையும் தாங்கும் செடிகளே அவருடைய தேடல். பூச்செடிகளுக்கு நடுவே புற்களையும் நட்டார். புல்லும் பன்னமும் தோட்டத்துக்குள் வந்ததைப் பற்றி 1957இல் ஒரு நூலே எழுதினார். அப்போது அவருக்கு வயது 83. அவருடைய பெயரைத் தாங்கிய புல்லினம் ஒன்றை 2001ஆம் ஆண்டின் சிறந்த செடியாக அமெரிக்கச் செடி வளர்ப்போர் சங்கம் தெரிவு செய்தது.

அடுத்த கதை நியூயோர்க்கில். 1934இல் திறக்கப்பட்ட உயர்மட்ட ரயில் பாதை ஒன்றில் 1980உடன் ரயில் ஓட்டம் நின்றது. தண்டவாளங்களுக்கு இடையே புல் தானாக முளைத்தது. பாதையை இடித்துவிட வேண்டும் என்றார்கள் சிலர். அந்தப் புல்லின் அழகைக் கண்ட ஊர்வாசிகள் 1999இல் அமைப்பாகச் சேர்ந்து தடுத்தார்கள். 2009இல் அது 'ஹை லைன்' பூங்காவாகத் திறக்கப்பட்டது. செடிகளைத் திட்டமிட்டவர் நெதர்லாந்தின் பீட் அவுடொல்ஃப். தானாக வளர்ந்திருந்த அந்தக் காட்சியையே முன்மாதிரியாக வைத்து அவர் புற்களையும் பூக்களையும் கலந்து நட்டார்.

இந்தத் தோட்டங்களின் முறை எளிது. ஒரே புல்லைக் கொத்துக் கொத்தாக, இடைவெளி விட்டு, பல இடங்களில் திரும்பத் திரும்ப நடுவார்கள். மாலை வெயில் பின்னால் இருந்து விழும் இடத்தில் நட்டால் கதிர்கள் மின்னும். காய்ந்ததும் உடனே வெட்டமாட்டார்கள். புதுத் துளிர் வருவதற்குச் சற்று முன்னர்தான், வருடத்துக்கு ஒரு தடவை வெட்டுவார்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அழகுக்காக ஹவாய்த் தீவுகளுக்குக் கொண்டுபோன ஆபிரிக்க நீரூற்றுப் புல் தோட்டத்தைத் தாண்டிப் பரவி, இன்று அங்கே காட்டுத்தீக்கு எரிபொருளாகிவிட்டது. எமக்கும் இது புதிதல்ல. கால்நடைத் தீவனத்துக்காக ஆபிரிக்காவிலிருந்து வந்த கினிப்புல்லை எந்த வீதியோரத்திலும் காணலாம். இன்னொரு வேடிக்கை: நாம் வெட்டி எரிக்கும் இலுக்குப் புல்லின் சிவப்பு இனத்தை வெளிநாடுகளில் அலங்காரச் செடியாக விற்கிறார்கள். அதன் பச்சை இனம் பரவிய அமெரிக்க மாநிலங்களோ அந்தப் புல்லைக் கண்டாலே பயப்படுகின்றன.

ஆகவே படத்தைப் பார்த்து வெளிநாட்டு விதைக்கு ஓட வேண்டாம். எம்மிடம் வெட்டிவேர் இருக்கிறது. சரிவான மண்ணை இறுகப் பிடிக்கும் புல் அது. எமது பெண்கள் பாய் இழைக்கும் பன் இருக்கிறது. ஈரமான இடத்துக்கு அதைவிடப் பொருத்தமானது எது?

"பாம்பு வருமே" என்பீர்கள். நியாயமான பயம்தான். பிள்ளைகள் நடக்கும் பாதையோரத்தைத் துப்புரவாகவே வைத்திருப்போம். ஆனால் மழைக்கு மண் கரைந்தோடும் அந்தக் கான் ஓரத்தில் ஒரு வரிசை வெட்டிவேர் நடலாமே. அடுத்த சிரமதானத்தில் மெஷினைத் தொடங்குவதற்கு முன், வளவில் நிற்பது என்ன புல் என்று ஊரின் மூத்தவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவோம். பிள்ளைகளும் பக்கத்தில் நின்று கேட்கட்டும்.