கையின் வழி, வயிற்றின் வழி

இடைசெவலில் சிறுநீரகம் செயலிழந்த ஒருவருக்கு இயந்திர டயாலிசிஸ் என்றால் வாரத்தில் இரண்டு நாள் பஸ் பயணம். கோவில்பட்டி பக்கம்தான், அங்கே இடம் கிடைக்காவிட்டால் திருநெல்வேலி. நான்கு மணி நேரம் படுத்திருந்து, தளர்ந்து வீடு திரும்பினால் அன்றைய கூலி போயிற்று. வயிற்று டயாலிசிஸ்காரருக்கு முழு நாள் போவதில்லை. ஒவ்வொரு நாளும் மூன்று நான்கு துண்டாகிறது. இரண்டு லிட்டர் பையை ஏற்றி, சில மணி நேரம் வைத்திருந்து, வடித்து, மறுபடி ஏற்ற வேண்டும். தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகும் பெண்ணுக்கு முதல் வழியில் இரண்டு நாள் சம்பளம் நட்டம். இரண்டாவதில் மதிய நேரத்துக்கு ஒரு சுத்தமான அறை வேண்டும்.

தண்ணீர்க் கணக்கு கரிசல்காட்டில் தனி எடை கொண்டது. நிமிடத்துக்கு 500 மில்லி வீதம், ஒரு முறைக்கு இயந்திரம் 120 லிட்டர் கேட்கிறது, ஆர்.ஓ. சுத்திகரிப்பு கழித்துத் தள்ளும் நீர் அதில் சேராது. வயிற்று வழிக்கு வாரம் முழுதும் 56 லிட்டர் போதும். அதுவும் பையில் அடைத்தே வருகிறது. இயந்திரத்தில் இத்தனை நீரால் கழுவப்படுகிறவர்தான் சித்திரை வெயிலில் செம்பை அளந்து குடிக்கிறார். பொட்டாசியத்துக்கு அஞ்சி இளநீரையும் விலக்குகிறார். வயிற்று வழியில் தினமும் நீர் இறங்குவதால் இந்தக் கட்டுப்பாடு சற்றுத் தளரும். பதிலுக்குப் புரதம் வடிந்து போகும். கரைசலிலுள்ள குளுக்கோஸ் சர்க்கரை நோயாளிக்குக் கூடுதல் சுமை. பை மாற்றும்போது கதவைச் சாத்தி மின்விசிறியையும் நிறுத்த வேண்டும். மே மாதத்தில் இது சிறிய விஷயமல்ல. கிருமி புகுந்தால் வடியும் நீர் கலங்கிக் காட்டிக்கொடுக்கும்.

யாருக்கு எது என்பதில்தான் எனக்குப் பெரிய வியப்பு. மேலை நாடுகளில் வயிற்று வழியை எடுப்பவர்களில் இளையோரும் வேலைக்குப் போவோரும் மிகுதி. நம் நாட்டில் பெரும்பாலும் முதியோர், இதயம் தளர்ந்தோர், ரத்தக்குழாய் ஒத்துழைக்காதோர் அதற்கு அனுப்பப்பட்டு வந்தார்கள். ஹாங்காங் 1985 முதல் வயிற்று வழியையே முதலில் தருகிறது. தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறது. இருந்தும் இயந்திரமே இங்கு வழக்கம். மையத்திலிருந்து தூரத்தில் இருப்பவருக்குப் பொருத்தமான முறை அவர் காதில் கடைசியாக விழுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. இயந்திர வழிக்காகக் கையில் ஃபிஸ்டுலா (ரத்தக்குழாய் இணைப்பு) வைப்பதற்கு முன்பே இரண்டையும் சொல்லிவிட வேண்டும்.

எதிரெதிராய்த் தோன்றும் இவ்விரண்டும் காட்டு வேலையில் ஒன்றுகூடுகின்றன. ஃபிஸ்டுலா உள்ள கையால் பாரம் தூக்கக் கூடாது. வயிற்றில் குழாய் உள்ளவர் குடலிறக்கத்துக்கு அஞ்சிப் பாரம் தூக்கக் கூடாது. பருத்தி மூட்டை இருவருக்கும் விலக்கு. கண்மாய்க் குளியல் வயிற்றுக்காரருக்கு மட்டும் கூடுதல் இழப்பு.

இன்னொரு உறவும் உண்டு. வயிற்றறையின் சவ்வு ஆண்டுகள் கழித்துச் சோர்ந்தால் நோயாளி இயந்திரத்துக்கு வருகிறார். ரத்தக்குழாய்கள் அடைபட்டுப் போனவர் வயிற்றுக்கு மாறுகிறார். வயிற்று டயாலிசிஸில் இருப்பவருக்கும் பின்னால் ஃபிஸ்டுலா தேவைப்படலாம்; அதனால்தான் ஊசி போட முன்கையை விட்டு, புறங்கை ரத்தக்குழாயைத் தேடச் சொல்கிறார்கள்.