இருமுறை இழந்த தாய்

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் நாஜிகளும் அவர்தம் கூட்டாளிகளும் கொன்றொழித்த யூதர்கள் ஏறத்தாழ 60 இலட்சம் பேர். அவர்களுள் 15 இலட்சம் பேர் வரை குழந்தைகள் என்பது வரலாற்றாய்வாளர்களின் கணிப்பு. பிழைத்த குழந்தைகளைப் பற்றிப் படிக்கும்போது, உயிர் தப்பியதோடு துன்பம் தீர்ந்தது என்றெண்ணிப் புத்தகத்தை மூடிவிடுகிறோம். பிழைத்தபின் அவர்கள் எதைக் கொண்டு வாழ்வை மீண்டும் கட்டினார்கள் என்பதும் கேட்கவேண்டிய கேள்வியே. ஹீப்ரு நாவலாசிரியர் அஹரோன் அப்பெல்ஃபெல்டின் வாழ்க்கையை அந்தக் கேள்வியோடு அணுகலாம்.

அவர் 1932-இல் செர்னோவிட்ஸ் நகருக்கு அருகில் பிறந்தார். அன்று அது ருமேனியாவில் இருந்தது. இன்று உக்ரைனில் இருக்கிறது. பெற்றோர் இட்ட பெயர் எர்வின். வீட்டில் பேசியது ஜெர்மன். தாத்தாவும் பாட்டியும் பேசியது யிட்டிஷ். சுற்றியிருந்த குடியானவர்கள் உக்ரேனிய மொழி பேசினர். அரசாங்கத்தின் மொழி ருமேனியம். இத்தனை மொழிகளுக்கு நடுவில், படித்த யூதக் குடும்பங்கள் ஜெர்மனையே பண்பாட்டின் மொழியாகப் போற்றின.

1941 கோடையில் ஜெர்மானியரும் அவர்களோடு சேர்ந்த ருமேனியப் படையினரும் அப்பகுதியைக் கைப்பற்றினர். சிறுவனின் தாய் கொல்லப்பட்டார். தந்தையும் மகனும் முதலில் கெட்டோவில் அடைக்கப்பட்டனர். பிறகு டிரான்ஸ்னிஸ்ட்ரியா என்னும் பகுதிக்கு நடத்தியே விரட்டப்பட்டனர். முகாமில் தந்தையிடமிருந்து பிரிக்கப்பட்ட எர்வின் அங்கிருந்து தப்பியோடினான். அப்போது அவனுக்கு ஏறத்தாழ பத்து வயது. காட்டிலும் ஊரின் ஓரங்களிலும், திருடர்கள், விலைமகளிர் எனச் சமூகம் ஒதுக்கிய மனிதர்களிடையே காலம் கழித்தான். பொன்னிறத் தலைமுடி அவனை உக்ரேனியச் சிறுவனாகக் காட்டியது. ஆனால் ஒரு சொல் தவறி வந்தாலும் யாரென்று தெரிந்துவிடும். ஆகவே பேசாமல் இருக்கப் பழகினான். 1944-இல் சோவியத் படை வந்தபோது அதன் சமையற்கூடத்தில் எடுபிடியாகச் சேர்ந்தான். போர் முடிந்தபின் இத்தாலி வழியாக 1946-இல் பாலஸ்தீனம் சென்றடைந்தான். பதினான்கு வயது, முதல் வகுப்புக்கு மேல் படிப்பில்லை.

அங்கே அவனுக்கு அஹரோன் என்ற புதுப்பெயர் அமைந்தது. பழையதை மறந்து ஹீப்ரு மட்டும் பேசவேண்டும் என்பது அன்றைய சூழலின் எதிர்பார்ப்பு. ஜெர்மன் கொலைகாரர்களின் மொழி. அதுவே அவன் தாயின் மொழியுமாகும். அக்காலத்தில் அவன் எழுதிய நாட்குறிப்பில் முழு வாக்கியங்கள் இல்லை. பல மொழிகளிலிருந்து உதிர்ந்த தனிச்சொற்களே இருந்தன. தன்னுள்ளிருந்த ஜெர்மன் தேய்ந்து மறைந்தபோது அம்மா இரண்டாம் முறையாக இறப்பதுபோல உணர்ந்ததாகத் தம் நினைவுநூலில் அவர் பதிவு செய்திருக்கிறார். விண்ணப்பப் படிவங்களில் நாம் யோசிக்காமல் நிரப்பும் 'தாய்மொழி' என்ற கூட்டுச்சொல்லின் முழுப்பொருள் அவ்விடத்தில்தான் எனக்கு விளங்கிற்று.

அதே செர்னோவிட்ஸைச் சேர்ந்த இன்னொருவரையும் இங்கே நினைக்கவேண்டும். 1920-இல் பிறந்த கவிஞர் பால் செலானின் பெற்றோரும் டிரான்ஸ்னிஸ்ட்ரியாவில்தான் மாண்டனர். போர் தொடங்கியபோதே அவர் வளர்ந்த இளைஞர். மொழி அவருள் வேரூன்றியிருந்தது. பாரீசில் வாழ்ந்தபோதும் அவர் இறுதிவரை ஜெர்மனிலேயே எழுதினார். 1970-இல் ஸேன் ஆற்றில் மூழ்கி உயிரை மாய்த்துக்கொண்டார். ஒருவர் தாயின் மொழியை விடமுடியாமல் சுமந்தார். மற்றவருக்கு அதைச் சுமக்கும் வயதே வாய்க்கவில்லை. யாருடைய பாரம் பெரிது என்று அளக்க நமக்குக் கோல் கிடையாது.

அப்பெல்ஃபெல்ட் ஜெருசலேமில் ஹீப்ரு பல்கலைக்கழகத்தில் பயின்றார். பின்னர் பென்-குரியன் பல்கலைக்கழகத்தில் இலக்கியம் கற்பித்தார். 'புகை' என்ற முதல் சிறுகதைத் தொகுதி 1962-இல் வெளிவந்தது. அவருடைய புகழ்பெற்ற நாவலான 'பாடன்ஹைம் 1939' ஓர் ஆஸ்திரிய உல்லாச நகரில் நிகழ்கிறது. யூதர்கள் அங்கே பதிவு செய்யப்படுகிறார்கள். இறுதியில் சரக்கு ரயில் பெட்டிகளில் ஏறுகிறார்கள். கதை அங்கேயே நின்றுவிடுகிறது, முகாமை ஆசிரியர் காட்டுவதில்லை. தம் காட்டு வாழ்க்கையை எழுத முயன்றபோதும், நடந்ததை நடந்தபடியே சொன்னால் நம்பும்படியாக இல்லை என்று கண்டார். ஆகவே 'ட்ஸிலி' என்ற நாவலில் ஒரு சிறுமியைப் படைத்து அவளை அக்காட்டில் அலையவிட்டார். காட்டில் கற்ற வாய்மூடல் அவர் உரைநடையில் இப்படிச் சொற்சிக்கனமாகத் தங்கியது என்று கருத இடமுண்டு.

இறந்துவிட்டதாக எண்ணியிருந்த தந்தையை, பல ஆண்டுகளுக்குப் பின் இஸ்ரேலில், யூத முகமையின் பட்டியல் ஒன்றில் பெயர் கண்டு அவர் தேடிச் சென்று சந்தித்தார். தந்தையும் மகன் இறந்ததாகவே நம்பியிருந்தார். நாற்பதுக்கு மேற்பட்ட நூல்களை எழுதிய அப்பெல்ஃபெல்ட் 2018 ஜனவரியில் மறைந்தார். அந்தச் சந்திப்பை எழுத அவரால் கடைசிவரை இயலவில்லை என்பர்.