உச்சக்குரலின் இடம்: நாஞ்சில் நாட்டு மேடையில் மாற்றுப் பாடகர்

கணியான் கூத்தில் தலைமைப் பாடகரான அண்ணாவி ஓர் அடியைப் பாடி விடும் இடத்தில் இன்னொரு குரல் ஏறும். பின்பாட்டுக்காரர் ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு, அண்ணாவி விட்ட கடைசி அசையைப் பிடித்து உச்ச ஸ்தாயியில் நீட்டி இழுப்பார். அந்த இழுப்பு ஓடும் நேரத்தில்தான் அண்ணாவிக்கு மூச்சு வாங்கவும் அடுத்த அடியை நினைவுக்குக் கொண்டுவரவும் அவகாசம் கிடைக்கிறது. மந்தம், உச்சம் என்று இரண்டு மகுடப் பறைகள், ஜால்ரா, பெண்வேடமிட்டு ஆடும் ஆண்கள்; குழு அவ்வளவுதான். சுடலைமாடன் கோயில் கொடை விழாவில் இது இரவெல்லாம் நடக்கும். கதை முறுகும்போது சாமியாடிக்கு அருள் வரும். அந்த நேரத்தில் பாட்டு அறுந்தால் ஆட்டமும் அறுந்துபோகும். ஆகவே மேல்குரல் பாடுகிறவருக்குத் தொண்டை கட்டினாலோ, வயதாகி அவர் விலகினாலோ, அந்த இடத்தில் யார் வந்து நிற்பது என்பது வழிபாட்டையே தொடும் கேள்வி.

நாஞ்சில் நாடு என்று சிறப்பாகச் சொல்லப்படும் தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்களிலும், அவற்றோடு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த கல்குளம், விளவங்கோடு பகுதிகளிலும் இந்தக் கேள்விக்கு வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு விடைகள் கிடைத்தன. அவற்றைத் தொடர்ந்து பார்க்கும்போது எனக்குத் தெளிவாவது ஒன்று உண்டு. இங்குள்ள பழைய குழுப்பாட்டு மரபுகள் உச்சக்குரலை ஓர் ஆளின் பெயருக்கு எழுதிவைக்காமல், குழுவுக்குள் ஓர் இடமாக வைத்திருந்தன. இருபதாம் நூற்றாண்டின் பாய்ஸ் கம்பெனிகள் அதை ஒரு சிறுவனின் உடம்போடு கட்டிவிட்டன. அதன் விலையைக் கொடுத்தவர்கள் அந்தச் சிறுவர்கள்.

கல்குளம், விளவங்கோடு பக்கம் கோயில்களில் ஆடப்பட்ட கதகளியை முதலில் எடுத்துக்கொள்ளலாம். திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயில் அந்த ஆட்டத்துக்குப் பேர்போன இடம். பெண்வேடத்தை ஆணே கட்டுவார். ஆனால் அவர் வாய் திறப்பதில்லை. பின்னால் நிற்கும் பொன்னானி ஓர் அடியைப் பாட, சிங்கிடி அதையே வாங்கித் திருப்பிப் பாடுவார். ஒருவர் கையில் சேங்கிலம், மற்றவர் கையில் இலைத்தாளம். இந்த ஏற்பாட்டில் வேடக்காரரின் குரல் உடைந்தால் யாருக்கும் நட்டமில்லை. பாடுகிறவர்களில் ஒருவர் தளர்ந்தாலும் மற்றவர் அதே அடியை அதே நொடியில் வைத்திருக்கிறார். உடம்பு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம் என்று பிரித்துவிட்ட கலை இது.

வில்லுப்பாட்டில் பிரிவு வேறுவிதம். நாஞ்சில் நாட்டில் புலவர் என்றும் அண்ணாவி என்றும் அழைக்கப்படும் தலைமைப் பாடகர் வீசுகோலோடு வில்லின் முன் அமர, வலம் பாடுகிறவர்களும் இடம் பாடுகிறவர்களும் இரு புறமும் இருப்பார்கள். உடுக்கை, குடம், ஜால்ரா, கட்டை ஆகியவற்றை அடிப்பவர்களுக்கும் பாட்டு உண்டு. ஒரு பக்கம் எடுக்கும் அடியை மறுபக்கம் ஏந்தும். 1970களின் பிற்பகுதியில் இங்கே களப்பணி செய்து 1988இல் நூல் வெளியிட்ட ஸ்டூவர்ட் பிளாக்பர்னும், நாகர்கோவிலில் இருந்து பல பத்தாண்டுகளாக எழுதிவரும் அ.கா. பெருமாளும் இந்த அமைப்பை விவரித்திருக்கிறார்கள். கொடை நாட்களில் மணிக்கணக்காகப் பாடவேண்டிய புலவருக்கு இரு பக்கங்களும் ஓய்வு தருகின்றன. அதைவிட முக்கியமானது, அந்தப் பக்கங்களில் இருப்பவர்கள் கதை முழுவதையும் தொண்டையில் வைத்திருக்கிறார்கள் என்பது. இசக்கியம்மன் கதையில் பெண்ணின் புலம்பல் மேலே போகும் இடத்தில் புலவரின் குரல் எட்டாவிட்டால், எட்டுகிற குரல் எதுவோ அது எடுத்துக்கொள்ளும். கேட்பவர்கள் அதைக் குறையாக எண்ணுவதில்லை. மாற்று ஆள் வெளியிலிருந்து வருவதில்லை. அவர் முதல் பாட்டிலிருந்தே மேடையில் உட்கார்ந்திருக்கிறார்.

இதே மாவட்டத்தில் மேற்கத்திய முறையில் பல குரல் சேர்ந்து பாடும் மரபு தேவாலயங்கள் வழியாக வந்தது. லண்டன் மிஷன் ரிங்கல்தௌபேயின் காலத்தில் 1806இல் மயிலாடியில் காலூன்றியது. சார்லஸ் மீட் 1818இல் தலைமையிடத்தை நாகர்கோவிலுக்கு மாற்றினார். 1819இல் அங்கே ஹோம் சர்ச் தேவாலயத்துக்கு அடிக்கல் இடப்பட்டது. பெண்பிள்ளைகளுக்கான உண்டுறைப் பள்ளியும் அதே காலத்தில் தொடங்கிவிட்டது. சொப்ரானோ, ஆல்டோ, டெனர், பாஸ் என்று நான்காகப் பிரியும் பாடகர் குழுவில் மேல்குரலுக்கு உரியவர்கள் பெண்கள். ஒருவர் திருமணமாகி வேறு ஊருக்குப் போனால், டானிக் சோல்ஃபா குறிப்பைப் பார்த்துப் பாடத் தெரிந்த அடுத்த பெண் அந்த வரிசையில் நிற்கிறார். நாடக மேடையில் பெண் பாடுவதை ஊர் ஒருவகையாகப் பார்த்த காலத்தில், ஞாயிறுதோறும் ஊரறியப் பெண்குரல் ஒலித்த இடம் இது. நாஞ்சில் நாட்டு இசை வரலாறு எழுதுகிறவர்கள் இதற்குக் கொடுக்கும் கவனம் மிகக் குறைவு என்பது என் வருத்தம்.

இனி, பாய்ஸ் கம்பெனி. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். சிறுவர்களை மட்டும் கொண்டு நாடகம் போடும் இந்த முறைக்கு நடைமுறைக் காரணங்கள் இருந்தன. பெரிய நடிகர்கள் சொல்பேச்சுக் கேட்பதில்லை, சிறுவர்கள் கேட்பார்கள். அதோடு, மைக் இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைத் தரை டிக்கெட்டுக்காரர் வரைக்கும் பாட்டுப் போய்ச் சேர வேண்டுமானால் நான்கு, ஐந்து கட்டைச் சுருதியில் பாட வேண்டும். வளர்ந்த ஆண்களில் பெரும்பாலோருக்கு வசதியான சுருதி ஒன்றிலிருந்து இரண்டு கட்டைக்குள் அடங்கும். சிறுவனுக்கோ ஐந்து கட்டை இயல்பாக வரும். ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் ஒரே சுருதியில் தர்க்கம் பாடலாம். ஒருவன் காய்ச்சலில் படுத்தால் இன்னொருவனை நிறுத்தலாம், ஆர்மோனியக்காரர் சுருதியை மாற்ற வேண்டியதில்லை.

அந்தச் சபையில் அதே ஆண்டில் சேர்ந்தவர்கள் டி.கே. சங்கரன், முத்துசாமி, சண்முகம் ஆகிய சகோதரர்கள். பகவதி பின்னர் சேர்ந்துகொண்டார். தகப்பனார் கண்ணுசாமிப் பிள்ளை பெயர்பெற்ற ஸ்திரீபார்ட் நடிகர். 1912இல் திருவனந்தபுரத்தில் பிறந்த சண்முகத்துக்காகவே சுவாமிகள் ஒரே இரவில் அபிமன்யு சுந்தரியை எழுதிக்கொடுத்தார் என்பது நாடக உலகம் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. சுவாமிகள் 1922இல் மறைந்தார். சகோதரர்கள் 1925இல் ஸ்ரீ பால சண்முகானந்த சபையைத் தொடங்கினார்கள். நாகர்கோவில் ஒழுகினசேரியில் 1908இல் பிறந்த என்.எஸ். கிருஷ்ணன் நடிகரானது இந்தக் கம்பெனியில்தான். வில்லுப்பாட்டு மண்ணிலிருந்து போனவர் அவர். பிற்காலத்தில் சுப்பு ஆறுமுகம் எழுதிய காந்தி மகான் கதையை வில்லில் பாடி நகரத்து மேடைக்குக் கொண்டுபோனவரும் அவரே.

கம்பெனி முறையின் இருண்ட பக்கத்துக்கு நாடகக்காரர்கள் வைத்திருந்த பெயர் மகரக்கட்டு. பருவ வயதில் குரல்வளை பெரிதாகிறது, குரல்நாண்கள் நீண்டு தடிக்கின்றன, குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி இறங்குகிறது. சில மாதங்களுக்கு, சிலருக்கு அதற்கும் மேலாக, எந்தச் சுருதியிலும் நிற்க முடியாது. கள்ளக்குரலில் மேலே போகலாம். ஆனால் அப்போது குரல்நாண்களின் விளிம்பு மட்டும் அதிர்வதால் ஒலி மெலிந்துவிடும், கொட்டகையின் பாதிகூடத் தாண்டாது. நேற்றுவரை நாயகனாக இருந்த பையன் இன்று ஓரத்தில் நிற்பான், அல்லது ஊருக்குத் திரும்புவான். 1916இல் புதுக்கோட்டையில் பிறந்த பி.யு. சின்னப்பா மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியின் ராஜபார்ட்டாகக் கொடிகட்டிப் பறந்தவர். அவருக்கு எதிரே பெண்வேடம் கட்டியவர்களில் எம்.ஜி.ஆரும் ஒருவர். குரல் உடைந்ததும் சின்னப்பா கம்பெனியை விட்டு வெளியேற நேர்ந்தது. அவர் உடற்பயிற்சியிலும் சங்கீதத்திலும் உழைத்து, சினிமா வழியாக மீண்டுவந்தார், உத்தமபுத்திரன் வரை போனார். மீளாமல் போன பையன்களுக்கு வரலாற்றில் பெயர் இல்லை. வில்லுப்பாட்டுக் குழுவில் குரல் இறங்கிய ஒருவன் குடத்துக்கோ கட்டைக்கோ நகர்ந்து குழுவிலேயே இருந்திருப்பான். கம்பெனியில் அந்த நகர்வுக்கு இடம் மிகக் குறைவு; சம்பளம் குரலுக்குத்தான்.

குரல் இறங்கிய பின்னும் பெண்வேடத்துக்குத் திரும்ப ஒரு வழி இருந்தது என்பதைச் சண்முகமே காட்டினார். 1942இல் அவர் ஒளவையாராக மேடையேறினார், வயது முப்பது. மூதாட்டியின் குரல் கரகரக்கலாம், தாழலாம். ஐந்து கட்டையை யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள். குரலுக்கு ஏற்ற பாத்திரத்தைத் தேடிக்கொண்ட இந்த மதிநுட்பம் அவருக்கு ஒளவை சண்முகம் என்ற பெயரை நிலையாகக் கொடுத்தது. பதினோரு ஆண்டுகள் கழித்து, 1953இல் ஜெமினியின் ஒளவையார் படத்தில் அதே பாத்திரத்தில் கே.பி. சுந்தராம்பாள் நடித்தார். அவருடைய கதை இதற்கு நேர் எதிர்த்திசையில் ஓடியது. நாடக நடிகர் செங்கோட்டை கிட்டப்பா ஐந்து கட்டையில் கணீரென்று பாடி 1933இல் இருபத்தேழு வயதில் மறைந்தபோது, அந்த உயரத்தில் நிற்க ஆண் நடிகர்கள் கிடைப்பது அரிதாயிற்று. சுந்தராம்பாள் 1935இல் நந்தனாராக, ஆண்வேடத்தில், படத்தில் தோன்றினார். ஆணின் உச்சக்குரலுக்கு மாற்றாக ஒரு பெண் வந்து நின்றார். கிட்டப்பாவின் வழியில் மேலே பாடிய டி.ஆர். மகாலிங்கம் சிறுவனாகக் கிருஷ்ணன் வேடத்தில் வந்த 1938ஆம் ஆண்டு நந்தகுமார் படத்தில்தான் ஏ.வி. மெய்யப்பன் ஒரு நடிகைக்கு லலிதா வெங்கட்ராமனின் குரலைச் சேர்த்தார். கதகளிக்காரர்கள் எப்போதோ செய்த பிரிவினை இப்போது ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வந்து சேர்ந்தது.

உச்சக்குரலுக்கு மாற்று ஆள் தேடும் இதே சிக்கல் அமெரிக்கப் பாப் இசையில் எழுந்த விதத்தையும் ஒப்பிடலாம். பீச் பாய்ஸ் குழுவின் மேல்குரலான பிரையன் வில்சன், 1964 டிசம்பரில் ஹூஸ்டனுக்குப் போகும் விமானத்தில் மனம் நிலைகுலைந்து, மேடைப் பயணங்களிலிருந்து விலகினார். சில மாதங்கள் கிளென் கேம்பெல் அவர் இடத்தில் பாடினார். 1965 ஏப்ரலில் புரூஸ் ஜான்ஸ்டன் வந்தார். பிந்தைய ஆண்டுகளில் ஜெஃப்ரி ஃபாஸ்கெட் போன்றவர்கள் அந்த உயரத்தை எட்டினார்கள். ஒவ்வொரு முறையும் வந்தவர் இசைத்தட்டில் பதிந்துவிட்ட வில்சனின் குரலோடு ஒப்பிடப்பட்டார். நாஞ்சில் நாட்டுப் பின்பாட்டுக்காரருக்கு அந்தச் சுமை இருந்ததில்லை. அவருக்கு முந்தியவரின் குரல் எந்தத் தட்டிலும் இல்லை. கேட்டவர்களின் காதில் இருந்தது, அவர்களோடு போய்விட்டது. மாற்றுப் பாடகரைச் சுதந்திரமாக வைத்ததும் இதுதான், முன்னவர்களை நமக்கு இல்லாமல் ஆக்கியதும் இதுதான்.

வில்லுப்பாட்டில் பெண்கள் புலவராக அமர்ந்தது இந்த வரலாற்றின் மகிழ்ச்சியான பகுதி. அகஸ்தீஸ்வரம் பகுதியைச் சேர்ந்த பூங்கனி, சிறுமியாக இருந்தபோது இரண்டு பெண்கள் வில்லடித்துப் பாடுவதைப் பார்த்து அதன்மேல் ஆசைகொண்டவர். குடம் அடிக்கும் கலைஞரை மணந்து, பல பத்தாண்டுகள் கோயில் கோயிலாகப் பாடி, 2018இல் காலமானார். அவருக்குப் பின் வந்த பெண் புலவர்கள் இன்று கொடைகளில் சாதாரணக் காட்சி. தலைமைக் குரலே ஐந்து கட்டைக்கு வந்தபின், ஆண்குரல்கள் கீழிருந்து தாங்குகின்றன. குழுவின் சுருதி அமைப்பே தலைகீழாகிவிட்டது. இதைப் பெண்கள் ஆண்களின் இடத்தைப் பிடித்ததாகச் சிலர் பேசுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒலிபெருக்கி வந்த அன்றே உரக்கப் பாடும் ஆண்குரலின் கட்டாயம் தளர்ந்துவிட்டது. அந்தத் தளர்வில் கதையைச் சரியாகச் சொல்லத் தெரிந்தவர்கள் முன்னால் வந்தார்கள், அவர்களில் பலர் பெண்களாக இருந்தார்கள்.

கணியான் கூத்தின் நிலை அப்படி இல்லை. அது ஒரு சிறிய சமூகத்தின் ஆண்கள் மட்டும் நிகழ்த்தும் கலை. பின்பாட்டுக்கு ஆள் அந்தச் சமூகத்துக்குள்ளிருந்துதான் வர வேண்டும். கூத்தைப் பதிவு செய்யப் போகிறவர்கள் அண்ணாவியின் கதைப்பாடலை எழுத்தாக்குவதிலேயே கவனம் வைக்கிறார்கள். பின்பாட்டில் பெரும்பகுதி சொல்லே இல்லாத இழுப்பு. எழுத்தில் அது ஒரு வரிகூட ஆகாது. பின்பாட்டுக்காரருக்குத் தனி மைக் வைத்து, அவர் எந்த அசையில் அண்ணாவியின் குரலைப் பிடிக்கிறார், எங்கே கள்ளக்குரலுக்கு மாறுகிறார், எத்தனை தாள வட்டம் இழுக்கிறார் என்பதைத் தனியே பதிய வேண்டும். உச்ச மகுடத்தின் சுருதியோடு அந்தக் குரல் எப்படி ஒட்டுகிறது என்பதும் அப்போதுதான் கேட்கும். அடுத்து அந்த இடத்தில் நிற்கப்போகும் பையன் கற்றுக்கொள்ள வேண்டியது இவற்றைத்தான்.