ஜாமீன் நின்ற சர்க்கார்

உறவினருக்காக ஜாமீன் கையெழுத்திட்டு அல்லற்பட்ட கதையொன்று நம் குடும்பங்கள் பலவற்றில் உண்டு. கடன் வாங்கியவர் வேறொருவர். ஆயினும் தவணை தவறிய அன்று கடன் கொடுத்தவர் நம் வாயிற்படியில் வந்து நிற்பார். ஓர் அரசாங்கமே ஜாமீன் நிற்குமாயின், அதற்கு எல்லை வகுப்பது யார்? நாம் வந்து குடியேறிய இப்பெங்களூரின் வரலாற்றில் இக்கேள்விக்கு இடமுண்டு.

1898ஆம் ஆண்டின் பிளேக் நோய்க்குப் பின் பசவனகுடியும் மல்லேசுவரமும் புதிதாக வகுக்கப்பட்டன. நகரை விரிவாக்குவதற்கென்றே 1945இல் நகர அபிவிருத்தி டிரஸ்ட் போர்டு தோன்றியது. நம்மவர் பெருவாரியாக வாழ்ந்த கண்டோன்மெண்டும் பழைய நகரமும் 1949இல் ஒரே மாநகராட்சியின் கீழ் இணைந்தன. டிரஸ்ட் போர்டின் பணியை 1976இல் பெங்களூர் வளர்ச்சி ஆணையம் ஏற்றது. இத்தகைய அமைப்புகள் சட்டத்தின் கண்ணில் தனி நபர்கள். அவை தம் பெயரில் சொத்து வைத்துக்கொள்ளும், வழக்காடும், கடனும் வாங்கும். அக்கடன் அரசின் கடனன்று. ஆனால் பணம் கொடுப்பவரோ, "உமக்குப் பின்னால் நிற்பவர் யார்?" என்றே வினவுவார். அப்போதுதான் அரசின் கையெழுத்து தேவைப்படுகிறது.

அக்கையெழுத்தைப் பற்றி நமது அரசியலமைப்பின் 293ஆம் பிரிவு பேசுகிறது. மாநிலச் சட்டமன்றம் வகுக்கும் வரம்புக்குள் அரசு கடன் வாங்கலாம், உத்தரவாதமும் தரலாம் என்பது அதன் கருத்து. ஆனால் 'வரம்பு ஏதேனும் இருப்பின்' என்றொரு சிறு தொடரும் அதில் உண்டு. 1935ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வந்த தொடர் அது. சட்டமன்றம் வாளாவிருந்தால் வரம்பே இல்லை! குஜராத் 1963இலேயே தனிச் சட்டம் இயற்றிற்று. கர்நாடகம் அதற்குப் பின்னும் நெடுங்காலம் இயற்றவில்லை.

1997இல் பெங்களூர் மாநகராட்சி 125 கோடி ரூபாய்க்குக் கடன் பத்திரம் வெளியிட்டது. இந்திய நகரசபைகளில் இதுவே முதலாவது. மாநில அரசு அதற்கு உத்தரவாதம் அளித்தது. அடுத்த ஆண்டு அகமதாபாத் மாநகராட்சி அரசின் ஜாமீன் இன்றியே, தன் வருவாயைக் காட்டி 100 கோடி திரட்டிற்று. பெருமை நமதே, ஆனால் துணிவு அவர்களுடையது என்று சொல்லத் தோன்றுகிறது. இதே காலத்தில், 1994இல் நிறுவப்பட்ட கிருஷ்ணா பாக்கிய ஜல நிகமும் அணைப் பணிகளுக்காக அரசின் உத்தரவாதத்தோடு பத்திரங்களை விற்று வந்தது.

1999இல் கர்நாடகம் உத்தரவாத உச்சவரம்புச் சட்டத்தை இயற்றியது. ஏப்ரல் முதல் நாளன்று நிலுவையிலுள்ள உத்தரவாதங்களின் மொத்தம், இரண்டாண்டுகளுக்கு முந்தைய வருவாய் வரவில் 80 சதவீதத்தைத் தாண்டலாகாது. ஏன் இரண்டாண்டுகளுக்கு முந்தைய வரவு? கணக்கு முடிந்து, இனிக் கூட்டிக் காட்ட இயலாத ஆண்டு அது. ஜாமீன் பெறும் நிறுவனம் குறைந்தது ஒரு சதவீதம் கட்டணமும் செலுத்த வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் கையெழுத்தை எவரும் பன்முறை கேட்பர் அல்லவா?

ஆயினும் வேலியில் ஓர் ஓட்டை இருந்தது. வாரியம் தன் பெயரில் கடன் வாங்க, வட்டியையும் அசலையும் ஆண்டுதோறும் அரசின் வரவு செலவுத் திட்டமே கொடுத்துவந்தால், ஜாமீன் பத்திரத்திற்கு அவசியமே இல்லை. கடன் அரசின் ஏட்டிலும் ஏறாது. அமெரிக்காவிலும் இக்கதை உண்டு. 1840களில் கால்வாய்களுக்கும் வங்கிகளுக்கும் கடன்பட்ட எட்டு மாநிலங்கள் தவணை தவறின; பின்னர் பல மாநிலங்கள் தம் அரசியலமைப்பிலேயே கடனுக்குத் தடை விதித்தன. அத்தடையைச் சுற்றிச் செல்லவே, 'இது மாநிலத்தின் கடனன்று' என்று பத்திரத்தில் அச்சிடும் கட்டட ஆணையங்கள் பிற்காலத்தில் பல தோன்றின.

இங்கே 2022இல் மத்திய அரசு, இவ்வாறு மாநில வரவு செலவுத் திட்டத்திலிருந்து அடைக்கப்படும் கடன்களை மாநிலத்தின் கடனாகவே கணக்கிட முடிவு செய்தது. கேரளம் வழக்குத் தொடுத்தது. 293ஆம் பிரிவின் பொருளை ஆராயும் பொறுப்பை, 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வுக்கு அனுப்பிற்று.