ஸ்டோக் புரூவர்ன்

இங்கிலாந்தின் நார்தாம்ப்டன்ஷயரில், நார்தாம்ப்டன் நகருக்குத் தெற்கே கிராண்ட் யூனியன் கால்வாயின் கரையில் உள்ள சிற்றூர். மக்கள்தொகை ஐந்நூறைத் தொடாது. ஊர் பழையது, 1086-இல் தொகுக்கப்பட்ட டூம்ஸ்டே நிலப்பதிவேட்டிலேயே இடம்பெற்றது. 'புரூவர்ன்' என்ற பின்னொட்டு, பின்னாளில் இதை ஆண்ட பிரிவேர் குடும்பத்தின் பெயர் மருவியது. ஆனால் இவ்வூருக்குப் பெயர் வாங்கித் தந்தது பிரபுக்கள் அல்லர், வடக்கே நிற்கும் பிளிஸ்வொர்த் குன்று.

லண்டனையும் மிட்லாண்ட்ஸ் பகுதியையும் இணைக்கும், அன்று கிராண்ட் ஜங்ஷன் எனப்பட்ட இந்தக் கால்வாய்க்கு 1793-இல் நாடாளுமன்றம் ஒப்புதல் அளித்தது. தலைமைப் பொறியாளர் வில்லியம் ஜெஸப். 1800-க்குள் மற்ற பகுதிகளில் படகுகள் ஓடின. குன்றைக் குடையும் வேலை மட்டும் ஊற்றுநீரால் முடங்கிக் கிடந்தது. சுரங்கம் திறக்கும்வரை சரக்கைப் படகிலிருந்து இறக்கி, குதிரைகள் இழுக்கும் தண்டவாள வண்டிகளில் ஏற்றிக் குன்றைக் கடத்தி, மறுபுறம் மீண்டும் படகில் ஏற்றினார்கள். 1805 மார்ச்சில் சுரங்கம் திறந்தது. நீளம் 2,813 மீட்டர்.

உள்ளே குதிரை நடக்கக் கரைப்பாதை கிடையாது. ஆகவே குதிரையை அவிழ்த்து மேட்டுவழியே ஓட்டிச் சென்றனர். படகின் முன்புறப் பலகையில் இரண்டு ஆட்கள் மல்லாந்து படுத்து, பக்கச்சுவர்களைக் காலால் உதைத்து உதைத்தே படகை நகர்த்தினர். இதைக் கூலிக்குச் செய்தவர்கள் பித்தளைப் பட்டை கட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. 1871-இல் வந்த நீராவி இழுவைப் படகுகள் அவர்கள் பிழைப்பைப் பறித்தன. 1936-இல் அந்த இழுவைப் படகுகளும் நின்றன. அதற்குள் சரக்குப் படகுகளுக்கே எந்திரம் வந்திருந்தது.

முதலில் ஆளுக்காகவும், பிறகு இழுவைப் படகுக்காகவும் படகுகள் இங்கே காத்துக் கிடந்தன. கீழே ஏழு நீர்ப்பூட்டுகளைக் கடந்து ஏறி வந்தவர்களுக்கு மூச்சு வாங்கவும் இடம் வேண்டும். 'போட் இன்' மதுக்கடை செழித்தது இப்படித்தான். கரையோர வீட்டில் வாழ்ந்த மேரி வார்டு, கயிறு திரிப்பவரின் மகள். ஓரிடத்தில் தங்காத படகுக் குடும்பங்களுக்குப் பல்லாண்டுகள் மருத்துவம் பார்த்த அவரை எல்லோரும் 'சிஸ்டர் மேரி' என்றே அழைத்தனர். 1951-இல் அரசு அவருக்குப் பதக்கம் அளித்தது.

ரயிலும் லாரியும் சரக்கைக் கொண்டுபோன பிறகு, பழைய தானிய ஆலை 1963-இல் கால்வாய் அருங்காட்சியகமாயிற்று. சிதைந்துபோன சுரங்கத்தின் நடுப்பகுதிக்குக் கான்கிரீட் வளையங்கள் பொருத்தி 1984-இல் மீண்டும் திறந்தனர். பொருத்தாமல் மிஞ்சிய வளையம் ஒன்று, தெற்கு வாயிலருகே நிற்கிறது.