தரையில் நிற்கும் விமானி

மாதிரி விமானம் ஓட்டக் கற்பவர்கள் அனைவரும் முதலில் இடறும் இடம் ஒன்றே. விமானம் தம்மை விட்டு விலகிப் பறக்கும்வரை சிக்கல் இல்லை. குச்சியை இடப்பக்கம் தள்ளினால் அது அவர்களுடைய இடப்பக்கமே சாய்கிறது. திரும்பி அவர்களை நோக்கி வரத் தொடங்கியதும் யாவும் தலைகீழாகிவிடுகின்றன. விமானத்தின் இடம் இப்போது நிற்பவரின் வலம். பதற்றத்தில் கை பழகிய பக்கமே போகிறது. பல வார உழைப்பு சில நொடிகளில் மண்ணில் சிதறுகிறது. அனுபவமுள்ள ஆசிரியர்கள் இதற்கு ஓர் எளிய வழி சொல்லித் தருவதுண்டு: எதிரே வரும் விமானத்தின் எந்த இறக்கை தாழ்கிறதோ, அந்தப் பக்கம் குச்சியைத் தள்ள வேண்டும், விழப்போகும் இறக்கைக்கு முட்டுக் கொடுப்பதைப்போல.

இப்பொழுதுபோக்கின் வரலாற்றை இயந்திரங்களின் வரலாறாக எழுதுவதே வழக்கம். அதைக் கற்றலின் வரலாறாகவும் வாசிக்கலாம் என்று நமக்குத் தோன்றுகிறது.

1871இல் பாரிஸ் நகரின் துய்லரி தோட்டத்தில் அல்ஃபோன்ஸ் பெனோ முறுக்கிய ரப்பரால் இயங்கும் சிறு விமானமொன்றைப் பறக்கவிட்டார். பதினொரு நொடிகளில் சுமார் நாற்பது மீட்டர் சென்றது. கையை விட்டு அகன்றபின் அது காற்றுக்குச் சொந்தம். ஓட்டுவதற்கு அங்கே ஏதுமில்லை. 1898இல் நியூயார்க்கில் நிக்கோலா டெஸ்லா கம்பியில்லா அலைகளால் ஒரு படகைத் திருப்பிக் காட்டினார். இவ்விரண்டும் ஒன்றுசேர ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆயின.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், கலமசூ நகரில், வால்ட்டர் குட், வில்லியம் குட் என்ற இரட்டையர் வாழ்ந்தனர். ஒருவருக்கு மாதிரி விமானங்களில் பித்து. மற்றவர் அமெச்சூர் வானொலியில் ஈடுபட்டவர். 1937இல் இருவரும் சேர்ந்து பறக்கவிட்ட 'கஃப்' என்னும் விமானம், வானொலி வழிக் கட்டுப்பாட்டின் தொடக்கச் சின்னங்களுள் ஒன்றாக இன்று ஸ்மித்சோனியன் தொகுப்பில் உள்ளது.

அக்காலத்துக் கருவிகளில் கற்பவர் சுமந்த பாரம் வேறு வகையானது. பொத்தானை ஒருமுறை அழுத்தினால் சுக்கான் வலப்பக்கம் திரும்பும். விட்டால் நடுவுக்கு வரும். மறுபடி அழுத்தினால் இடப்பக்கம். சுக்கானைத் திருப்பும் ஆற்றல் முறுக்கி வைத்த ரப்பர் பட்டையிலிருந்து வந்தது. வானொலி அலை அதன் பூட்டைத் திறந்துவிட்டது, அவ்வளவே. ஆகவே கடைசியாக எந்தப் பக்கம் திருப்பினோம் என்பதை ஓட்டுபவர் நினைவில் வைத்திருக்க வேண்டும். எண்ணிக்கை தவறினால் விமானம் எதிர்ப்பக்கம் திரும்பும். கண்ணுக்கு வந்த குழப்பத்தோடு நினைவின் குழப்பமும் சேர்ந்துகொண்டது.

இதே காலத்தில் இக்கலை வேறொரு திசையிலும் நடந்தது. ஹாலிவுட் நடிகர் ரெஜினால்ட் டென்னி மாதிரி விமானக் கடை வைத்திருந்தவர். அவருடைய ரேடியோபிளேன் நிறுவனம் இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கப் படைக்கு ஆளில்லா இலக்கு விமானங்களை ஆயிரக்கணக்கில் செய்தளித்தது. விமான எதிர்ப்புப் பீரங்கி வீரர்கள் குறிபார்க்கப் பழகியது இவற்றின்மீதுதான். பின்னாளில் மர்லின் மன்றோவாகப் புகழ்பெற்ற நார்மா ஜீன் போர்க்காலத்தில் அங்கே வேலை செய்தவர் என்பது பலரும் அறிந்த செய்தி. ஒருவர் பறக்கக் கற்ற பொருள், இன்னொருவர் சுடக் கற்கும் பொருளாயிற்று. இன்றைய ஆளில்லாப் போர் விமானங்களைப் பற்றிப் பேசுவோர் இந்தக் கடையை மறந்துவிடலாகாது.

போருக்குப் பின் டிரான்சிஸ்டர் வந்தது. 1960களில், குச்சியை எவ்வளவு நகர்த்துகிறோமோ அவ்வளவே சுக்கானும் நகரும் முறை நிலைபெற்றது. நினைவின் பாரம் இறங்கியது; கண்ணின் குழப்பம் மட்டும் அப்படியே இருந்தது. அதற்கு மருந்தாக வந்தது ஒரு கம்பி. ஆசிரியர், மாணவர் இருவருடைய கட்டுப்பாட்டுப் பெட்டிகளையும் அது இணைத்தது. ஆசிரியர் ஒரு விசையை அழுத்திப் பிடித்திருக்கும்வரை விமானம் மாணவரிடம். விரலை எடுத்ததும் ஆசிரியரிடம் திரும்பிவிடும். கற்பித்தலைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இக்கருவி ஏற்படுத்திய வியப்பு சிறிதன்று. எப்போது விரலை எடுப்பது என்பதே ஆசிரியரின் கலை. மிக முன்னே எடுத்தால் மாணவர் கற்பதில்லை. சற்றுப் பிந்தினால் விமானம் மிஞ்சுவதில்லை.

அந்நாளைய சங்கங்களில் வேறோர் ஒழுக்கமும் இருந்தது. ஒரே அலைவரிசையில் இருவர் பெட்டியை இயக்கினால் பறந்துகொண்டிருப்பது விழும். எனவே மைதானத்தில் ஒரு பலகை. அலைவரிசைக்கு ஒன்றாகத் துணி மாட்டும் கிளிப்புகள். கிளிப்பைக் கையில் பெற்றவரே பெட்டியை இயக்கலாம். மற்றவர் காத்திருக்க வேண்டும். 2000களின் நடுப்பகுதியில் பரவிய 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகள் அலைவரிசை மோதலை ஏறக்குறைய ஒழித்தன. கிளிப்பும் தேவையற்றதாயிற்று, காத்திருக்கும் பழக்கமும் அதனோடு போயிற்று.

மேனார்டு ஹில்லைக் குறிப்பிடாமல் இவ்வரலாறு நிறைவுறாது. மாதிரி விமானத்தை அட்லாண்டிக் பெருங்கடலுக்கு அப்பால் அனுப்ப முனைந்தபோது அவர் எழுபது வயதைக் கடந்தவர்; சட்டப்படி பார்வையற்றவர் என்னும் அளவுக்குக் கண் மங்கியவர். முந்தைய முயற்சிகளின் விமானங்கள் கடலோடு போயின. 2003 ஆகஸ்ட் 9 அன்று நியூஃபவுண்ட்லாந்திலிருந்து புறப்பட்டது ஐந்து கிலோவுக்கும் குறைந்த எடையுள்ள பால்சா மர விமானம். ஏறத்தாழ 39 மணி நேரத்தில் சுமார் 3,000 கிலோமீட்டர் கடந்து, ஆகஸ்ட் 11 அன்று அயர்லாந்தின் கிளிஃப்டன் அருகே கடற்கரையில் இறங்கியது. 1919இல் ஆல்காக்கும் பிரவுனும் அட்லாண்டிக்கைக் கடந்து இறங்கியதும் கிளிஃப்டன் அருகில்தான். நடுக்கடலில் வழி காட்டியது தானியங்கிக் கருவி. கரையில் குச்சியைப் பிடித்து இறக்கியவர் டேவ் பிரவுன் என்னும் நண்பர். தாம் செய்த விமானத்தை விழிகளால் தெளிவாகக் காண இயலாதவர், அதைப் பிறர் கையில் ஒப்படைத்து வென்றார்.

இன்று ஒரு பொத்தானை அழுத்தினால் விமானம் தானே நிமிர்ந்துகொள்கிறது. நான்கு விசிறி டிரோன்களோ கையை எடுத்தாலும் அந்தரத்தில் நிற்கின்றன. தொடக்கநிலையினரின் விமானங்கள் பிழைக்கின்றன. இதை நாம் குறை சொல்ல மாட்டோம். ஆயினும் எதிரே வருவதன் இடமும் வலமும் நம்முடையவை அல்ல என்று கண்டுகொள்ளும் அந்த இக்கட்டான நொடி, கற்பவருக்கு இனி வாய்க்காமலே போகலாம். தாழும் இறக்கையின் பக்கம் கை தானாகப் போவதற்கு, சில விமானங்களை இழந்துதான் அக்காலத்தினர் பழகினார்கள்.