கடைமடைக்கு வராத வேகம்

"எங்கள் பக்கத்தில் எல்லாம் சரியாக இருக்கிறது, சார். மோடத்தை ஒரு தடவை அணைத்துவிட்டுப் போடுங்கள்."

பிராட்பேண்ட் வைத்திருக்கும் குடும்பங்களில் இந்த வாக்கியத்தைக் கேட்காதவர்கள் இருக்க மாட்டார்கள். நானும் கேட்டிருக்கிறேன். கம்பெனிக்காரர் மரியாதையாகத்தான் பேசுவார். "வலையைப் புதுப்பித்திருக்கிறோம், இனிமேல் வேகம் பிரமாதமாக இருக்கும்" என்று போன வாரம் அவர்களே செய்தி அனுப்பியிருப்பார்கள். அந்தச் செய்திக்கு மறு நாளிலிருந்துதான் வீட்டில் வேகம் நொண்ட ஆரம்பித்திருக்கும். அவர்கள் பக்கத்தில் சரியாக இருப்பது எப்படி நம் பக்கத்தில் தப்பாகிறது என்பதுதான் யாருக்கும் விளங்குவதில்லை.

இது நம் காலத்துத் தொல்லை என்று நினைப்பது சரியல்ல. இதற்கு நூற்றறுபது வருஷத்துக்கு மேற்பட்ட சரித்திரம் இருக்கிறது. அதில் ஒரு மகாராணியும், ஒரு வைத்தியரும், காது மந்தமான ஒரு பிரம்மச்சாரியும் வருகிறார்கள்.

1858-ஆம் வருஷம் ஆகஸ்டு 5-ஆம் தேதி அட்லாண்டிக் சமுத்திரத்தின் அடியில் தந்திக் கம்பி போட்டு முடித்தார்கள். அயர்லாந்துக்குப் பக்கத்தில் உள்ள வாலென்ஷியா தீவிலிருந்து நியூபவுண்ட்லாந்து வரைக்கும் ஏறக்குறைய 2,000 மைல். அகமெம்னான், நயாகரா என்ற இரண்டு கப்பல்கள் நடுக்கடலில் சந்தித்து, கம்பியின் இரு முனைகளையும் இணைத்துவிட்டு, ஆளுக்கொரு திசையாகப் போட்டுக்கொண்டே போயின. அதுவரையில் கப்பலில் கடிதம் போய்ச் சேரப் பத்து நாளுக்கு மேல் ஆகும். அமெரிக்காவில் ஜனங்களுக்குத் தலைகால் புரியவில்லை. நியூயார்க்கில் விட்ட வாணவேடிக்கையில் நகர மண்டபத்தின் கூரையே தீப்பிடித்துக்கொண்டது. மிச்சமிருந்த கம்பியைத் துண்டு துண்டாக நறுக்கி, டிஃபனி என்ற நகைக்கடைக்காரர்கள் நினைவுப் பொருளாக விற்றார்கள்.

விக்டோரியா மகாராணி அமெரிக்க ஜனாதிபதி புக்கானனுக்கு ஒரு வாழ்த்துச் செய்தி அனுப்பினாள். மொத்தம் 98 சொற்கள். அது போய்ச் சேர 16 மணி நேரம் ஆயிற்று. ஒரு சொல்லுக்குப் பத்து நிமிஷம்! தரையில் அதே தந்தி சரசரவென்று ஓடிக்கொண்டிருந்த காலம் அது. கடலுக்கு அடியில் மட்டும் அதற்கு என்ன வந்தது?

காவிரிப் பாசனத்தை அறிந்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். வறண்ட வாய்க்காலில் தண்ணீரைத் திறந்து விட்டால் அது ஒரே பாய்ச்சலாகக் கடைமடைக்குப் போய்விடுவதில்லை. வழியெல்லாம் மண் குடிக்க வேண்டும், பள்ளங்கள் நிரம்ப வேண்டும். மதகைச் சடசடவென்று பத்துத் தடவை திறந்து மூடினாலும், கடைமடைக்காரன் பத்து அலைகளைப் பார்க்க மாட்டான். மெள்ள ஏறி மெள்ள வடியும் ஒரே கசிவைத்தான் பார்ப்பான். கடலடிக் கம்பியிலும் இதுதான் நடந்தது. நடுவில் செம்பு, அதைச் சுற்றி மலாய்க் காடுகளிலிருந்து வந்த கட்டாபெர்ச்சா என்ற பிசின், வெளியே இரும்புக் கவசமும் உப்பு நீரும். இப்படிப்பட்ட கம்பி மின்சாரத்தைக் கடத்துவதோடு நிற்காமல், வழி நெடுக அதைத் தேக்கி வைத்துக்கொள்ளவும் செய்கிறது. புள்ளியும் கோடுமாக இங்கே புறப்பட்டவை அங்கே ஒன்றோடொன்று குழம்பிப்போய்ச் சேர்ந்தன.

இதை முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சொன்னவர் ஒருவர் இருந்தார். கிளாஸ்கோ சர்வகலாசாலையின் பேராசிரியர் வில்லியம் தாம்ஸன். பிற்காலத்தில் கெல்வின் பிரபு ஆனவர். கம்பியின் நீளம் பத்து மடங்கானால் தாமதம் நூறு மடங்காகும் என்பது அவர் கணக்கு. செம்பைப் பருமனாகப் போடுங்கள், பிசினையும் தாராளமாகப் பூசுங்கள் என்றார். ஆனால் கம்பெனியின் மின்சார நிபுணராக இருந்தவர் வைல்ட்மன் ஒயிட்ஹவுஸ் என்ற பிரைட்டன் நகரத்து வைத்தியர். அறுவைச் சிகிச்சை அவர் தொழில், மின்சாரம் அவர் பொழுதுபோக்கு. தாம்ஸனின் கணக்கு வெறும் ஏட்டுச் சுரைக்காய் என்று அவர் சபையிலேயே மறுத்தார். மெல்லிய கம்பிக்குச் செலவு குறைவு அல்லவா? கம்பெனிக்கு வைத்தியர் சொன்னதே இனித்தது.

தாம்ஸன் கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. உடம்பு சரியில்லை என்று ஒயிட்ஹவுஸ் கப்பலேறாமல் நின்றுவிட்டபோது, சம்பளம் வாங்காமல் அவர் இடத்தில் இவர் போனார். ஒரு சிறு கண்ணாடித் துண்டைக் காந்தத்தோடு பட்டு நூலில் தொங்கவிட்டு, அதில் பட்டுத் திரும்பும் ஒளிப்புள்ளி அசைவதை வைத்தே மிக நலிந்த மின்னோட்டத்தையும் படித்துவிடும் கருவி ஒன்றையும் செய்து வைத்திருந்தார். ஒயிட்ஹவுஸுக்கு அது பிடிக்கவில்லை. ஐந்தடி நீளமுள்ள பெரிய சுருள்களை வைத்துச் சுமார் 2,000 வோல்ட்டைக் கம்பியில் செலுத்தினார். தண்ணீர் கடைமடைக்கு வரவில்லையென்றால் இன்னும் வேகமாகத் திறந்துவிடு என்கிற வைத்தியம்தான். கரை உடைந்தது. ஏற்கனவே பழுதுபட்டிருந்த கம்பியின் காப்பு வழியில் எங்கோ விட்டுப்போய், செப்டம்பர் மாதத் தொடக்கத்தில் அது அடியோடு ஊமையாயிற்று.

வேடிக்கை என்னவென்றால், வந்த செய்திகளைத் தாம்ஸனின் கண்ணாடிக் கருவியால் படித்துவிட்டு, தம்முடைய கருவியே எழுதியது போல ஒயிட்ஹவுஸ் காட்டியிருக்கிறார். இது பின்னால் வெளியாயிற்று. தம் பக்கத்தில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொன்ன முதல் ஆசாமி அவர்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்தக் கம்பி உயிரோடிருந்த சில வாரங்களில் ஒரு காரியம் செய்தது. அது நம் தேசத்தைத் தொட்டது. 1857-ல் மூண்ட சிப்பாய்க் கிளர்ச்சிக்காகக் கனடாவிலிருந்த இரண்டு பட்டாளங்களைத் திரும்பி வரச் சொல்லிக் கடிதம் போயிருந்தது. இதற்குள் இங்கே கிளர்ச்சி அடங்கிவிட்டதால், வர வேண்டாம் என்று கம்பி வழியாகச் செய்தி கொடுத்தார்கள். 50,000 பவுன் மிச்சமாயிற்று என்பார்கள். மாண்டுபோன கம்பிக்குக் கொடுத்த பணத்தில் ஏதோ கொஞ்சம் திரும்பியது.

1866-ல் கிரேட் ஈஸ்டர்ன் என்ற ராட்சசக் கப்பல் புதிய கம்பியைப் போட்டது. பழைய கம்பியில் மைலுக்கு 107 ராத்தல் செம்பு. புதியதில் 300 ராத்தல். நிமிஷத்துக்கு எட்டுச் சொற்கள் போயின. இருபது சொற்களுக்கு 20 பவுன் கட்டணம். தாம்ஸன் சொன்னபடிதான் எல்லாம் நடந்தது; அவருக்கு 'சர்' பட்டமும் கிடைத்தது. நல்ல கதை இந்த இடத்தில் முடிந்துவிடும். சரித்திரம் முடியவில்லை.

லண்டனில் காம்டன் டவுன் பகுதியில் 1850-ல் பிறந்த ஆலிவர் ஹெவிசைட் அடுத்தபடியாக வருகிறார். ஏழைக் குடும்பம். சின்ன வயதில் வந்த காய்ச்சலால் காது மந்தம். கல்லூரி வாசலை மிதித்ததில்லை. கொஞ்ச காலம் தந்தி ஆபீஸில் வேலை பார்த்தார். 1874-ல் அதையும் விட்டுவிட்டு, பெற்றோர் வீட்டில் ஓர் அறைக்குள் உட்கார்ந்து மாக்ஸ்வெல்லின் மின்காந்த சாஸ்திரத்தைத் தாமே கற்றுத் திருத்தி எழுதினார். இன்று மாணவர்கள் மாக்ஸ்வெல் சமன்பாடுகள் என்று படிப்பது பெரும்பாலும் இவர் எழுதிக்கொடுத்த வடிவம்தான்.

அப்போது டெலிபோன் வந்துவிட்டது. ஐம்பது மைல், நூறு மைல் தாண்டினால் குரல் குழறிற்று. 1887-ல் ஹெவிசைட் ஒரு விபரீதமான யோசனை சொன்னார். கம்பியில் இயல்பாக உள்ள தூண்டல் என்ற குணத்தை எல்லோரும் பகையாக நினைத்தார்கள். அதை இன்னும் அதிகமாக்குங்கள், குரல் சிதையாமல் போகும் என்றார். பிரிட்டிஷ் தபால் இலாகாவில் வில்லியம் பிரீஸ் என்ற பெரிய என்ஜினீயர் இருந்தார். தம்மை அனுபவஸ்தர் என்று சொல்லிக்கொள்வதில் அவருக்குப் பெருமை. தூண்டல் ஒழிய வேண்டும் என்பது அவருடைய கட்சி. ஆலிவரின் அண்ணன் ஆர்தர் அதே இலாகாவில் உத்தியோகஸ்தர். சகோதரர்கள் சேர்ந்து எழுதிய கட்டுரையைப் பிரசுரிக்கப் பிரீஸ் அனுமதி தரவில்லை. அண்ணனுக்குச் சம்பளம் முக்கியம், ஒதுங்கிக்கொண்டார். தம்பிக்குச் சம்பளமே கிடையாது. அவரை என்ன செய்ய முடியும்? பிரீஸைக் கிண்டல் செய்து எழுதிக்கொண்டே இருந்தார்.

கணக்கு பலித்தது, ஆனால் அமெரிக்காவில். ஐந்து சென்டு காசோடு அங்கே வந்திறங்கிய செர்பியரான மைக்கேல் பியூபின், கொலம்பியா சர்வகலாசாலைப் பேராசிரியர், கம்பி நெடுக இடைவெளி விட்டுச் சுருள்களை வைக்கும் முறைக்கு 1900-ல் காப்புரிமை வாங்கினார். அமெரிக்க டெலிபோன் கம்பெனியின் ஜார்ஜ் காம்ப்பெல்லும் அதே சமயத்தில் அதே காரியத்தைச் செய்திருந்தார். வழக்கில் பியூபின் ஜெயித்தார். கம்பெனி அவருக்குப் பெரும் பணம் கொடுத்து உரிமையை வாங்கிக்கொண்டது. ஹெவிசைட்டுக்கு ஒரு காசும் வரவில்லை. இங்கிலாந்தின் தெற்குக் கடற்கரையில் டார்க்கீ ஊரில் தனிமையில் வாழ்ந்து 1925-ல் காலமானார்.

இனிமேல்தான் நம் வீட்டு விஷயம் வருகிறது.

அமெரிக்காவில் தூரத்து வீடுகளுக்குப் போன செப்புக் கம்பிகளில் ஆறாயிரம் அடிக்கு ஒன்றாக இந்தச் சுருள்களை வைத்தார்கள். குரல் கணீரென்று கேட்டது. ஆனால் சுருளுக்கு ஒரு குணம் உண்டு. மனிதக் குரலுக்கு வேண்டிய நாலாயிரம் அதிர்வு வரைக்கும் வழிவிடும்; அதற்கு மேலே கதவைச் சாத்திவிடும். நூறு வருஷம் யாருக்கும் இதனால் நஷ்டமில்லை. 1980-களின் பிற்பகுதியில், ஜோசப் லெக்லைடர் முதலியவர்கள் அதே செப்புக் கம்பியில் குரலுக்கு மேலே காலியாகக் கிடக்கும் இடத்தில் செய்திகளை அனுப்பலாம் என்று கண்டார்கள். டி.எஸ்.எல். என்ற பிராட்பேண்ட் பிறந்தது. அது குடியிருப்பது பத்து லட்சம் அதிர்வு வரை போகும் மேல்மாடியில்! குரலுக்காக ஆசையாக வைத்த சுருள் அந்த மாடிப்படியை அடைத்துக்கொண்டு நின்றது. கம்பெனி ஆட்கள் கம்பங்களிலும் பாதாளக் குழிகளிலும் இறங்கி, தாத்தா காலத்து என்ஜினீயர்கள் வைத்ததை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டியிருந்தது.

பிரிட்டனில் 2006-ல் நடந்தது இதைவிட ருசிகரமானது. அதுவரை அங்கே அரை மெகாபிட், ஒன்று, இரண்டு என்று கட்டிப்போட்ட வேகங்கள். அந்த வருஷம் வலையைப் புதுப்பித்து, "எட்டு மெகாபிட் வரை" என்றார்கள். இந்த 'வரை' என்ற சொல்லை வாசகர்கள் கவனிக்க வேண்டும். கம்பி எவ்வளவு தாங்குமோ அவ்வளவையும் கறப்பது புதிய ஏற்பாடு. டெலிபோன் நிலையத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரனுக்குக் கொண்டாட்டம். நாலு மைல் தள்ளி இருந்தவனோ, முன்பு அரை மெகாபிட்டில் ஒழுங்காக இருந்தவன், இப்போது அடிக்கடி அறுபட்டுப் போனான். இரண்டு மூன்று தடவை அறுந்தால், கம்பியைக் கண்காணிக்கும் யந்திரம் அது நோயாளிக் கம்பி என்று முடிவுகட்டி வேகத்தைக் குறைத்துவிடும். குறைக்கக் கொஞ்ச நேரம் போதும். மறுபடி கூட்டப் பல நாள் யோசிக்கும். புதுக் கம்பிக்கு முதல் பத்து நாள் பரீட்சைக் காலம் வேறு. இந்தச் சமயத்தில் ஒருவர் சிக்கனமாக ராத்திரி மோடத்தை அணைத்துவிட்டுப் படுத்தால், யந்திரத்துக்கு அதுவும் அறுந்த கணக்குத்தான். வேகம் போயிற்றே என்று பயந்து பயந்து மோடத்தை அணைத்துப் போட்டவர்கள், தங்கள் கையாலேயே மேலும் குறைத்துக்கொண்டார்கள். உதவிக்கு அழைத்தால் கிடைத்த ஆலோசனையோ, மோடத்தை அணைத்துப் போடுங்கள் என்பது!

சாயங்காலமானால் தொல்லை கூடிற்று. வீட்டுக்கு வீடு எல்லோரும் படம் பார்க்க உட்காருவது ஒரு காரணம். இன்னொரு காரணம் ஆகாயத்தில் இருந்தது. இருட்டிய பிறகு ரேடியோவின் மத்திய அலைகள் வானத்து மின்மண்டலத்தில் மோதித் திரும்பி, வெகு தூரம் போகும். பக்கத்து நாட்டு நிலையங்களெல்லாம் கேட்கும். அந்த அலைகளும் வீட்டுக்கு வரும் செய்திகளும் ஒரே வரிசை அதிர்வுகளில் வாழ்கிறவை. நீளமான செப்புக் கம்பி அவற்றைக் காற்றிலிருந்து பிடித்து இரைச்சலாக்கிவிடும். வானத்தில் அப்படி ஒரு மண்டலம் இருக்க வேண்டும் என்று 1902-ல் சொன்னவர்களில் ஒருவர் யார் தெரியுமா? அதே ஹெவிசைட்தான். அவர் பெயராலேயே அதை வழங்கினார்கள்.

"வரை" என்ற சொல்லுக்கு வருவோம். பத்துப் பேரில் ஒருவருக்கு அந்த வேகம் கிடைத்தாலே விளம்பரத்தில் போட்டுக்கொள்ளலாம் என்று பிரிட்டனில் வெகு காலம் விட்டிருந்தார்கள். மீதி ஒன்பது பேர் சந்தா முழுசாகக் கட்டினார்கள். 2018-ஆம் வருஷம் மே மாதத்தில்தான், கூட்டம் அதிகமான ராத்திரி வேளையிலும் பாதிப் பேருக்காவது கிடைக்கிற வேகத்தையே சொல்ல வேண்டும் என்று விதி மாறியது. பாதிப் பேர் என்பதும் பாதிப் பேர்தான். கடைமடை வீடு எப்போதும் மற்றப் பாதியில் இருந்தது.

அந்த வீடுகளில் சிலருக்கு விமோசனம் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. பிரிட்டிஷ் வீடுகளில் டெலிபோன் பெட்டிக்குள் இரண்டு கம்பிகளோடு மூன்றாவதாக ஒன்று ஓடும். பழைய டெலிபோனின் மணியை அடிக்க வைத்தது. புது டெலிபோன்களுக்கு அது தேவையே இல்லை. ஆனால் துணையில்லாத ஒற்றைக் கம்பியாக அறைக்கு அறை சுவரோரம் ஓடிய அது, ஏரியல் போல எல்லா இரைச்சலையும் இழுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தது. விஷயம் தெரிந்தவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை திருப்புளியை எடுத்துப் பெட்டியின் மூடியைக் கழற்றி, அந்த ஒரு கம்பியை மட்டும் பிடுங்கிப் போட்டார்கள். பலருக்கு வேகம் கணிசமாகவே ஏறிற்று. பிறகு கம்பெனியும் அதே வேலையைச் செய்யும் ஒரு சின்னத் தகடு செய்து விலைக்கு விற்றது.